குழலின் அடியில் இருக்கும் முத்திரைகள்: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வாசிக்கும் முறை

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது. வீட்டில் தாத்தா காலத்துப் பன்னிரண்டு போர் (குழல் துவாரத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் இப்போது அப்பா பெயரில். இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் மேல்பட்டையில் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்’ என்று பொறித்திருக்கிறது. குழலைக் கழற்றித் திருப்பினால் ஒரு கிரீடம், அதன் கீழே பெருக்கல் குறி போல இரண்டு கோல்கள், சுற்றிலும் மூன்று எழுத்துகள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று, அதில் ‘வி’ மட்டும். ஒரு சாய்சதுரத்துக்குள் 12, கீழே ‘சி’. தனியாக ஒரு 13. இடது குழலில் ‘சோக்’ என்ற சொல். எந்த ஊர்த் துப்பாக்கி, எத்தனை வயது, இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவைப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

நேரடியாகச் சொன்னால்: இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1887-க்கும் 1904-க்கும் இடையில் சோதிக்கப்பட்ட குழல். நீங்கள் எழுதியவை தவிர வேறு முத்திரை இல்லை என்றால், கருமருந்துக்கு (புகை கக்கும் பழைய வெடிமருந்து) மட்டுமே சோதிக்கப்பட்டது. இன்றைய தோட்டாவைப் போடாதீர்கள். எப்படி இந்த முடிவுக்கு வருகிறோம் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வரிசையில் பார்த்தால் நம் மாவட்டத்து வீடுகளில் இருக்கும் பெரும்பாலான பழைய துப்பாக்கிகளை நீங்களே படித்துவிடலாம்.

மேல்பட்டையில் இருக்கும் பெயரை முதலில் மறந்துவிடுங்கள். சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவில் மான்டன், ரோடா, லயன் அண்ட் லயன் போன்றவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றவர்கள். பட்டையில் இருப்பது விற்றவர் பெயர். குழலின் அடியில் இருப்பதுதான் பிறப்புச் சான்று. பட்டையில் ‘லண்டன்’ என்று இருந்து அடியில் பெல்ஜியத்து முத்திரை இருக்கும் துப்பாக்கிகளும் உண்டு. அப்படி முரண்பட்டால் அடியில் இருப்பதை நம்புங்கள்.

சோதனை முத்திரை என்பது என்ன? குழல் சாதாரணமாகத் தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தம் தரும் மருந்தைப் போட்டுச் சுட்டுப் பார்க்கிறார்கள். வெடிக்காமல், வீங்காமல், விரிசல் விடாமல் வந்தால் கண்ணாலும் அளவுகோலாலும் பரிசோதித்துவிட்டு முத்திரை குத்துகிறார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637-ல் அரசாணை கிடைத்தது. பர்மிங்காம் சோதனைக் கூடம் 1813-ல் பாராளுமன்றச் சட்டத்தால் வந்தது. இன்றைய சர்வதேச விதிப்படி ஷாட்கன்னுக்கு (ரவைத் துப்பாக்கி) இந்தச் சோதனை அழுத்தம் அனுமதித்த உச்சத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம். குழல் கரடுமுரடாக இருக்கும்போது ஒரு முறை, துப்பாக்கி முழுமையாகப் பொருத்தப்பட்ட பிறகு இன்னொரு முறை என்று இரண்டு கட்டமாகவும் சோதிப்பார்கள். ஒரே குழலில் இத்தனை முத்திரை ஏன் என்று குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: முத்திரை குத்திய நாளில் குழல் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். அதற்குப் பிறகு துரு எவ்வளவு தின்றது, யார் எத்தனை முறை உள்ளே தேய்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் லைசென்ஸ்காரர் கூடவே இருக்கட்டும். ஆயுதச் சட்டம் 1959-ன் 3-ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ கொண்டுபோவதைக்கூட, லைசென்ஸ்காரர் உடன் இருந்தால் அல்லது எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் ஒப்புகிறது. துப்பாக்கியை மடக்கித் திறந்து இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் பின்வாய் அறை) காலியா என்று கண்ணாலும், விரலை விட்டும் பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, மடக்கிய நிலையில் குழலைக் கொக்கியிலிருந்து தூக்கினால் தனியாக வந்துவிடும். வரவில்லை என்றால் சுத்தியல் எடுக்காதீர்கள். காய்ந்த எண்ணெய் பிசினாகி ஒட்டியிருக்கும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தால் இளகும்.

குழலின் பின்வாயை ஒட்டி, அடிப்பக்கத்தில் இரண்டு தட்டையான முகங்கள் இருக்கும். பிரிட்டிஷ் முத்திரைகளில் முக்கால்வாசி அங்கேதான். அதற்கு எதிராக, துப்பாக்கி உடலின் மேல் தட்டையான முகத்திலும் பாருங்கள். அங்கும் முத்திரை இருக்க வேண்டும். குழலில் ஒரு காலத்து முத்திரை, உடலில் வேறு காலத்து முத்திரை என்றால், வேறு ஏதோ துப்பாக்கியின் குழலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இரண்டிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். முன்கட்டையின் இரும்பிலும் அதே எண் இருக்க வேண்டும்.

அழுக்கை எடுக்க மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பல் பிரஷ் போதும். உப்புத்தாள், புளி, செங்கல் பொடி எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதை இங்கே செய்தால் முத்திரையின் ஓரங்கள் போய்விடும். போன ஓரத்தை எந்த லென்ஸும் திருப்பிக் கொடுக்காது. துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரை விரலால் தேய்த்து மேலே துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று எழுத்து துலங்கும். விபூதியும் வேலை செய்யும், ஆனால் அது ஈரம் இழுக்கும். பார்த்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். ஃபோன் டார்ச்சை நேராக அடிக்காமல் ஏறக்குறைய இரும்போடு படுக்கவைத்த கோணத்தில் அடியுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தெரியாதது இன்னொரு பக்கத்தில் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் இருந்தால் நல்லது.

இனி எழுத்துகள். தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. பர்மிங்காமின் முதல் எழுத்தும் ப்ரூஃபின் முதல் எழுத்தும் நமக்கு இரண்டுமே ‘பி’தான். அதனால் முத்திரையை வாயால் விவரிக்காதீர்கள், வரைந்து காட்டுங்கள். எழுத்துக்கு வயிறு ஒன்றா இரண்டா என்று கவனியுங்கள். தேய்ந்துபோன இரண்டு வயிறு எழுத்து ஒரு வயிறு போலத் தெரிவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு.

உங்கள் துப்பாக்கியில் கிரீடத்தின் கீழ் இருக்கும் கோல்கள் செங்கோல்கள். அதைச் சுற்றிய மூன்று எழுத்தும் பர்மிங்காம், ப்ரூஃப், கம்பெனி என்ற மூன்று சொற்களின் முதலெழுத்து. அது சுட்டுச் சோதித்ததற்கு. ‘வி’ மட்டும் இருப்பது கண்ணால் பரிசோதித்ததற்கு. இந்தச் செங்கோல் ஜோடி 1813 முதல் 1904 வரை பர்மிங்காமில் வழக்கில் இருந்தது. 1904-ல் செங்கோலை எடுத்துவிட்டு, கிரீடத்தின் கீழ் எழுத்துகளை மட்டும் வைத்தார்கள்: சோதனைக்கு பர்மிங்காம்-ப்ரூஃப் எழுத்துகள், பரிசோதனைக்கு பர்மிங்காம் எழுத்தும் ‘வி’யும், நைட்ரோ (புகையில்லாத புது மருந்து) சோதனைக்கு ‘என்.பி.’. 1954-க்குப் பிறகு பர்மிங்காமில் நைட்ரோ சோதனை பெற்ற குழலில் கிரீடத்தின் கீழ் ‘பி.என்.பி.’ என்று மூன்றெழுத்து. லண்டன் குழலானால் கிரீடத்தின் கீழ் ‘ஜி’யும் ‘பி’யும் பின்னிக்கொண்டு இருக்கும், பரிசோதனைக்குக் கிரீடமும் ‘வி’யும். 1904-லிருந்து லண்டனின் நைட்ரோ முத்திரையை யாரும் தவறவிட முடியாது: கவசம் அணிந்த கை ஒன்று வளைந்த வாளை ஏந்தியிருக்க, கீழே ‘என்.பி.’. முருகன் கோயில் வேல் போல ஒன்று தெரிகிறது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து சாய்சதுரம். அதற்குள் 12, கீழே ‘சி’ என்றால் பன்னிரண்டு போர் சேம்பர். இந்தச் சாய்சதுரம் 1887 விதிகளோடு வந்தது. உங்கள் குழலின் வயதுக்குக் கீழ் எல்லை 1887 என்று சொன்னது இதனால்தான். மேல் எல்லையை 1904 என்று செங்கோல் சொல்கிறது. ‘சி’க்கு முன் ‘எல்’ சேர்ந்திருந்தால் நீள சேம்பர், அதாவது மூன்று அங்குலம் அல்லது அதற்கு மேல். ‘சோக்’ என்ற சொல்லும் 1887-ல் வந்ததுதான். முன்வாய் சற்றுக் குறுகியிருக்கிறது என்று பொருள். அதற்கு முன், 1875 முதல் 1887 வரை, சோக் வைத்த குழலில் ‘குண்டு போடாதே’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் குத்துவார்கள். குண்டைத் தனி உருண்டையாகச் சுட்டால் குறுகிய வாயில் சிக்கும் என்ற எச்சரிக்கை அது. ரவை (பொடி ஈயக் குண்டுகள்) சுடக் கூடாது என்று சிலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அப்படி இல்லை.

அந்த 13-ஐப் பார்த்துதான் பலர் குழம்புகிறார்கள். பன்னிரண்டு போர் துப்பாக்கியில் ஏன் 13? போர் எண் என்பது ஒரு பவுண்டு சுத்த ஈயத்தில் எத்தனை சம உருண்டை வார்க்கலாம் என்ற கணக்கு. எண் கூடக் கூடத் துவாரம் சிறிது. சேம்பர் பன்னிரண்டாக இருந்தாலும், அதைத் தாண்டிய குழலின் உள்விட்டம் சற்றுக் குறுகலாக இருக்கலாம். பின்வாயிலிருந்து ஒன்பது அங்குலம் உள்ளே அளந்து கிடைத்த அளவு அந்த எண். பழைய முறையில் 13 என்றால் 0.710 அங்குலம், 13-ன் கீழ் கோடிட்டு 1 என்றால் 0.719, வெறும் 12 என்றால் 0.729, 12-ன் கீழ் 1 என்றால் 0.740. மில்லிமீட்டரில் முறையே 18.03, 18.26, 18.52, 18.80. உள்ளே தேய்ந்து தேய்ந்து அடுத்த படியை எட்டினால் அந்தச் சோதனை செல்லாது. உங்கள் 13 குழல் இன்று 0.719 அளந்தால், முத்திரை இருந்தும் இல்லாதது மாதிரிதான். 1954 விதிகளுக்குப் பிறகு படிகளை விட்டு, 0.729 என்று தசமத்திலேயே குத்தினார்கள். அதில் பத்தாயிரத்தில் நூறு, அதாவது 0.010 அங்குலம் கூடினால் சோதனை போய்விடும்.

இப்போது மருந்து. கருமருந்துக்கும் நைட்ரோ மருந்துக்கும் வேறுபாடு புகையில் மட்டும் இல்லை. கருமருந்து சட்டென்று எரிந்து, பின்வாயருகே அழுத்தம் ஏறி வேகமாக இறங்கிவிடும். நைட்ரோ மருந்து குழல் நெடுகிலும் அழுத்தத்தை நீட்டிக்கிறது. பழைய குழல்கள் பின்வாயில் தடித்து, முன்னே போகப் போக மெலிந்தவை. மெலிந்த இடத்தில் எதிர்பாராத அழுத்தம் வந்தால், இடது கை பிடித்திருக்கும் இடம் அதுவே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1896-ல்தான் பிரிட்டனில் நைட்ரோ சோதனையை விருப்பத்தின் பேரில் கொண்டுவந்தார்கள். அப்போது குழலில் ‘நைட்ரோ ப்ரூஃப்’ என்று முழுச் சொல்லாகக் குத்தி, எத்தனை அவுன்ஸ் ரவை என்றும் எழுதினார்கள். 1⅛ அவுன்ஸ் என்று இருந்தால் ஏறக்குறைய 32 கிராம். 1925 விதிகளில்தான் அது கட்டாயமாகி, சேம்பர் நீளத்தைக் குத்தும் வழக்கமும் வந்தது. உங்கள் குழலில் இந்தச் சொல் இல்லை என்றீர்கள். பவுடர் போட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள். சிறிய எழுத்தில், தட்டையின் ஓரத்தில், அரைகுறையாக விழுந்திருக்கலாம். இல்லை என்றால் இல்லைதான்.

குழல் டமாஸ்கஸா எஃகா என்பதையும் பாருங்கள். இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸில் மரவரி போல அலைக்கோடுகள் இருக்கும். டமாஸ்கஸ் என்றாலே கருமருந்து என்று சொல்லிவிட முடியாது, நைட்ரோ சோதனை பெற்ற டமாஸ்கஸ் குழல்கள் இருக்கின்றன. அதே போல எஃகு என்றாலே நைட்ரோ தாங்கும் என்பதும் இல்லை. முத்திரைதான் பேச வேண்டும். மலிவான துப்பாக்கிகளில் சாதாரண எஃகின் மேல் அலைக்கோட்டை அமிலத்தால் வரைந்து ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. மேல்பட்டையை ஒட்டிய மறைவான இடத்தில் அந்தக் கோடு தொடர்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தோட்டா விஷயத்தில் அதிகம் பேர் ஏமாறுவது நீளத்தில். பெட்டியில் எழுதியிருக்கும் 65 அல்லது 70 மில்லிமீட்டர், சுட்டு முடித்து மடிப்பு விரிந்த கூட்டின் நீளம். சுடாத 70 மில்லிமீட்டர் தோட்டா முனை மடிந்திருப்பதால் 65 மில்லிமீட்டர் சேம்பருக்குள் அழகாகப் போய் உட்காரும். துப்பாக்கியும் மூடும். சுட்டதும் மடிப்பு விரிய இடம் இல்லாமல், சேம்பருக்கு அப்பால் குறுகும் கூம்பில் போய் முட்டும். ரவையும் அதன் பின்னே இருக்கும் அடைப்பும் (வாட்) அந்த நெருக்கலில் பிதுங்கிப் போக, அழுத்தம் எகிறும். ‘உள்ளே போகிறதே, அப்புறம் என்ன’ என்பது பதில் ஆகாது. பழைய இங்கிலீஷ் பன்னிரண்டு போர்களில் பெரும்பாலானவை இரண்டரை அங்குல சேம்பர். 1925-க்கு முந்தியதில் அதைக் குத்தியிருக்கவே மாட்டார்கள், எனவே அளக்காமல் முடிவு செய்ய வழியில்லை.

1954-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் குழலில் நீளத்தோடு டன் கணக்கில் அழுத்தமும் இருக்கும். இரண்டரை அங்குலத்துக்கு 3 டன், இரண்டே முக்காலுக்கு 3¼ டன், மூன்று அங்குலத்துக்கு 4 டன் என்பது வழக்கம்; பக்கத்தில் சதுர அங்குலம் என்பதற்கு ஒரு சின்னச் சதுரமும் இரண்டு கோடும். அந்த டன்னை 2240-ஆல் பெருக்கிப் பவுண்டாக்கி இன்றைய பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அது உலோகத் துண்டு நசுங்கிய அளவிலிருந்து எடுத்த கணக்கு. இன்றைய மின்கருவி காட்டும் எண் அதைவிடக் கூடுதலாக வரும். இரண்டும் ஒரே தராசு இல்லை. 1989-லிருந்து பிரிட்டனிலும் மில்லிமீட்டரும் ‘பார்’ என்ற அழுத்த அலகுமாக மாறிவிட்டது.

நம் பக்கத்தில் இங்கிலீஷ் துப்பாக்கிக்கு அடுத்து அதிகம் கிடைப்பது பெல்ஜியம். லீஜ் நகர முத்திரை ஒரு முட்டை வடிவத்துக்குள் ‘ஈ.எல்.ஜி.’, நடுவில் நட்சத்திரம். முட்டையின் மேல் கிரீடம் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பின், இல்லை என்றால் அதற்கு முன். பக்கத்தில் படிக்கட்டின் மேல் தூண் நிறுத்திய மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அது லீஜ் ஊரின் பெரோன் தூண், பரிசோதனை முத்திரை. எழுந்து நிற்கும் சிங்கமும் கீழே ‘பி.வி.’யும் இருந்தால் நைட்ரோ சோதனை. எழுத்தின் மேல் நட்சத்திரமோ கிரீடமோ இருந்தால் அது சோதித்த அலுவலரின் அடையாளம்: கிரீடம் 1877 வரை, நட்சத்திரம் அதற்குப் பின். உள்விட்டம் மில்லிமீட்டரிலேயே, 18.4 என்பது மாதிரி, குத்தியிருக்கும். சோக் அளவும் அடுத்தே வரும். பெல்ஜியக் குழலை வாசிப்பது ஒரு வகையில் சுலபம்.

ஜெர்மன் குழல் 1890-களிலிருந்து கிரீடமும் கீழே ஓர் எழுத்துமாக வரிசையாக இருக்கும்: ‘யு’ பரிசோதனை, ‘எஸ்’ ரவைக் குழல், ‘டபிள்யூ’ சோக், ‘என்’ நைட்ரோ. 1939 சட்டத்துக்குப் பின் கிரீடத்துக்குப் பதில் கழுகு. தேதியை மாதமும் வருடமுமாக எண்ணில் குத்தும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. பிற்காலத்தில் அதையே எழுத்தில் மறைத்தார்கள்: ‘ஏ’ பூஜ்யம், ‘பி’ ஒன்று என்று போய், ‘ஐ’ எட்டு, ‘கே’ ஒன்பது. பிரெஞ்சு செயின்ட் எட்டியென் குழலில் ஊர்ப்பெயரே இருக்கும். கிரீடத்தின் கீழ் ‘பி.டி.’ என்றால் நைட்ரோ. இத்தாலியக் குழலில் நட்சத்திரமும் ‘பி.எஸ்.எஃப்.’ எழுத்தும் நைட்ரோவுக்கு, வருடம் ரோமன் எண்ணில் (20 என்றால் 1964), 1975 முதல் இரட்டை எழுத்தில். அமெரிக்காவில் அரசுச் சோதனைக் கூடம் கிடையாது; வின்செஸ்டர் குழலில் இருக்கும் முட்டை முத்திரை அந்தக் கம்பெனியே குத்தியது.

முத்திரை போலத் தெரிந்து முத்திரை அல்லாதவையும் உண்டு. கதிர்க்கட்டுச் சின்னம் இருந்தால் அது விட்வொர்த் எஃகின் வணிகக் குறி. மூன்று வளையம் க்ரூப். தனியான இரண்டு எழுத்து, குழலை ராவிய தொழிலாளியின் பெயர்க் குறி. ‘பேட்டண்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண், காப்புரிமையைப் பயன்படுத்தியதற்கான வரிசை. 1875-ல் காப்புரிமை பெற்ற ஆன்சன்-டீலி அமைப்பில் இது சகஜம். இந்த எண்ணைத் துப்பாக்கி எண் என்று எண்ணி லைசென்ஸில் ஏற்றிவிட்டால் வாரிசு மாற்றத்தில் அவதி. நம் பகுதியில் இன்னொரு சிக்கல்: தாத்தாவின் லைசென்ஸ் வட ஆற்காடு மாவட்டத்தில் வாங்கியதாக இருக்கும். அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்தது, வேலூர் 2019-ல் மறுபடி மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்குப் போக வேண்டும். பழைய தாளில் இருக்கும் எண்ணும் குழலில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே பார்த்துவையுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்து மூலமாகச் சொல்லித் திருத்தம் கேளுங்கள். எண்ணைத் துப்பாக்கியில் திருத்தும் யோசனையே வேண்டாம். குறியை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி குற்றம்.

போலி முத்திரையைக் கண்டுபிடிக்க லென்ஸ் வேண்டும். உண்மை முத்திரை ஒரே அடியில் விழுந்தது. பள்ளத்தின் அடி சீராக இருக்கும், கிரீடத்தின் சின்ன உருண்டைகள்கூடத் தெரியும். உளியால் செதுக்கியதில் கோட்டின் அடியில் உளி நகர்ந்த தடம் இருக்கும், கோடு முடியும் இடம் கூர்மையாகும். பழைய முத்திரையில் அடித்தபோது எழும்பிய விளிம்பு, பிறகு செய்த மெருகில் தேய்ந்து சமமாகியிருக்கும். விளிம்பு இன்னும் கையில் நெருடினால், அல்லது நீலப் பூச்சைப் பிளந்துகொண்டு முத்திரை விழுந்திருந்தால், பிற்காலத்தில் அடித்தது. கிரீடம் இருக்கிறது, அதன் கீழ் எழுத்துக்குப் பதில் ஏதோ கிறுக்கல் என்றால், பார்த்து நகல் எடுத்தவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று பொருள்.

அளவெடுப்பதில் சேம்பர் நீளத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றிலிருந்து 20.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு, பத்து சென்டிமீட்டர் நீளம் வராவிட்டாலும் எட்டாவது வரும்படி, ஒரு பட்டை வெட்டுங்கள். ஓரம் இணையாக இருக்க வேண்டும், வெர்னியர் வைத்துச் சரிபாருங்கள். பன்னிரண்டு போர் சேம்பரின் முன்முனை ஏறக்குறைய 20.3 மில்லிமீட்டர்; அதைத் தாண்டியதும் கூம்பு. பட்டையை நேராக உள்ளே விட்டால் கூம்பு தொடங்கும் இடத்தில் நிற்கும். பின்வாய் விளிம்பு வரும் இடத்தில் கோடிட்டு வெளியே எடுத்து அளங்கள். 63 முதல் 65 வந்தால் இரண்டரை அங்குலம், 70 வந்தால் இரண்டே முக்கால். ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கும். குழலில் இரண்டரை என்று குத்தியிருந்து பட்டை 70 காட்டினால், சோதனைக்குப் பிறகு யாரோ சேம்பரை நீட்டியிருக்கிறார்கள். அந்த முத்திரையை இனி நம்ப வேண்டாம்.

ஒன்பது அங்குலத்தில் உள்விட்டம், குழல் சுவரின் தடிமன் இரண்டையும் வீட்டில் அளக்க முடியாது. அதற்கென்று நீளக் கைகொண்ட கேஜ் வேண்டும். சுவர் எங்கும் 0.020 அங்குலத்துக்கு, அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பிரிட்டிஷ் தொழில்காரர்களின் பொது வழக்கம். ராணிப்பேட்டையில் நல்ல லேத் பட்டறைகள் ஏராளம், ஆனால் அங்கே கொடுத்துவிடாதீர்கள். துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும் சோதிக்கவும் 5-ஆம் பிரிவின்படி தனி லைசென்ஸ் வேண்டும். அது உள்ள ஆயுத வியாபாரியிடம், கையில் லைசென்ஸோடும் ரசீதோடும்தான் போக வேண்டும். முன்வாயில் பிளவு இருக்கிறது, ஓர் அங்குலம் அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழலைக் குட்டையாக்குவதற்கு 6-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது.

மரத்தில் கட்டிவைத்து, இரட்டை மருந்து போட்டு, கயிற்றால் விசையை இழுத்துப் பார்க்கும் நாட்டுச் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடிக்கவில்லை என்றால் தாங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அந்த அடியில் தொடங்கியிருக்கலாம். அது கட்டிவைக்காமல் சுடும்போது முடியும். சோதனைக் கூடத்தில் சுட்ட பிறகு அளந்து பார்க்கிறார்கள், மரத்தடியில் யாரும் அளப்பதில்லை.

பிறகு அந்தத் தோல் உறை. ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் துவர்ப்பும் ஈரமும் தங்கும். இரும்பில் பட்டால் கறுக்கும், துருவும் பிடிக்கும். வருடக்கணக்கில் உறையிலேயே கிடந்த துப்பாக்கியில், குழலின் அடிப்பக்கமும் முன்கட்டை மூடிய இடமும்தான் முதலில் அரிக்கும். முத்திரை இருப்பதும் அங்கேயே. முத்திரை மீது பொடிப்பொடியாகப் பள்ளம் விழுந்திருந்தால், அதே ஆழத்துக்கு உள்ளேயும் விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உறையை அலமாரியில் தனியே வையுங்கள், துப்பாக்கியை எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். லைசென்ஸ் செல்லுபடியாக இருக்கும் வரை வைத்திருக்கலாம், சுட வேண்டாம். பயிருக்குப் பன்றி வருகிறது, ஒரு முறை வெடி போட்டு விரட்டினால் போதும் என்றாலும் இதில் வேண்டாம். வியாபாரியிடம் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: குழலின் இரண்டு தட்டை முகத்துக்கும் தனித்தனிப் படம், துப்பாக்கி உடலின் தட்டை முகத்துக்கு ஒன்று, வரிசை எண் இருக்கும் மூன்று இடத்துக்கும் ஒவ்வொன்று, கார்டுப் பட்டை அளவு, இடது வலது தனித்தனியே எழுதியது. ஒன்பது அங்குல அளவை 0.719-க்கு எதிராகப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு குழலுக்கும் கேளுங்கள், ஒன்று தேறி மற்றொன்று தேறாமல் போவது சாதாரணம். வலது குழலையே முதலில் சுடும் பழக்கத்தால் அதுதான் அதிகம் தேய்ந்திருக்கும்.